கைக்கு வராத தங்கம்
(டோக்கன் வியாபாரம் பற்றி ஒரு மார்க்க விளக்கம்)

சென்ற ஷஅபான் மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின் ஒரு குடும்பத்தார் ஃபராயிள் கணக்குக் கேட்டு நம்மிடம் வந்தார்கள். வளைகுடா நாட்டில் பல்லாண்டு உழைத்த ஒரு சகோதரர் அங்கேயே வஃபாத்தாகி, ஜனாஸாவும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டிருந்தது. அவர் விட்டுச் சென்றவர்கள் தாயார், மனைவி, இரண்டு பெண் மக்கள், உடன்பிறந்த தம்பி ஒருவர். கணக்கில் சிரமம் ஏதுமில்லை. சொத்தை 24 பங்காக்கினால் மனைவிக்கு 3, தாயாருக்கு 4, பெண் மக்கள் இருவருக்கும் சேர்த்து 16, எஞ்சிய 1 தம்பிக்கு. வீடு, வங்கிப் பணம், ஊரில் ஒரு மனைக்கட்டு எல்லாம் எழுதி முடித்த பின், மூத்த மகள் ஒரு கைப்பேசியை எடுத்து முன்னால் வைத்து, "ஹஜரத், இதற்குள்ளே வாப்பா வாங்கிய தங்கம் இருக்கிறது. இதையும் பிரித்துச் சொல்லுங்கள்" என்றார்.

விசாரித்தபோது விவரம் தெரிந்தது. மர்ஹூம் அவர்கள் தங்கத்துக்குச் சான்றாக வெளியிடப்படும் டோக்கன் மூன்றை வாங்கி வைத்திருந்தார். ஒரு டோக்கன் என்பது ஒரு ட்ராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம். மூன்றும் சேர்ந்து 93 கிராமுக்குச் சற்று மேல். நம் கணக்கில் பதினொன்றரைப் பவுனுக்கு மேல். அது இன்னும் அவர் கணக்கில்தான் இருக்கிறது என்பதைப் பொதுப் பேரேட்டில் யாரும் பார்க்கலாம். அந்தப் பிள்ளையே நமக்குக் காட்டினார். ஆனால் அதைத் திறப்பதற்குரிய பன்னிரண்டு சொற்கள் மர்ஹூமுடைய நெஞ்சோடு போய்விட்டன. கண்ணால் காணலாம், கையால் தொட முடியாது.

அன்றிரவு முழுதும் இந்த மஸ்அலா நம் மனத்தை விட்டு அகலவில்லை. இன்று நம் மஹல்லாக்களில், குறிப்பாக வளைகுடா சென்றுள்ள இளைஞர்களிடத்தில், இத்தகைய கொடுக்கல் வாங்கல் பரவி வருகிறது. கேட்பவர்களுக்கு ஒரே சொல்லில் "ஹராம்" என்றோ "ஹலால்" என்றோ சொல்லி அனுப்பிவிடுவது எளிது. அப்படிச் செய்வது அமானிதமாகாது என்று கருதி, இது என்ன பொருள், எப்படி நடக்கிறது, மார்க்கச் சட்டம் எந்த இடத்தில் இதைப் பிடித்து நிறுத்தி விசாரிக்கிறது என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

டோக்கன் என்றவுடன் ரேஷன் கடையிலும் வைத்தியசாலையிலும் தரும் வரிசைச் சீட்டு நம் நினைவுக்கு வரும். அந்தச் சீட்டுக்குத் தனியே மதிப்பில்லை. அதன் பின்னால் உள்ள அரிசிக்குத்தான் மதிப்பு. இதுவும் ஏறக்குறைய அப்படியே. தங்கக் கட்டி, கட்டிடம், கடன் பத்திரம், சித்திரம் என ஏதோ ஒன்றின் மீதுள்ள உரிமையைச் சிறு சிறு கூறுகளாக்கி, ஒவ்வொரு கூறுக்கும் ஒரு மின்னணு அடையாளத்தை வெளியிடுகிறார்கள். அந்த அடையாளம் யாருடைய பெயரில் இருக்கிறது என்பதை எழுதி வைக்கும் பேரேட்டுக்கே பிளாக்செயின் என்று பெயர்.

நம் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டை எண்ணிப் பாருங்கள். அது ஒரே ஒரு புத்தகமாக இருந்தால், முத்தவல்லியோ கணக்கப்பிள்ளையோ ஒரு வரியை அழித்து எழுதிவிட வழியுண்டு. அதே பதிவேட்டின் நகல் ஆயிரக்கணக்கான ஊர்களில் இருந்து, ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் முந்தைய பக்கத்தைக் கணக்கிட்டு எடுத்த ஒரு முத்திரை எண் எழுதப்பட்டிருந்தால் என்னாகும்? ஒரு பக்கத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் பின்வரும் எல்லாப் பக்கங்களின் எண்ணும் பொய்த்துவிடும். மற்ற ஊர்களின் நகல்கள் அதற்கெதிராகச் சாட்சி சொல்லும். 2009 ஜனவரியில் பிட்காயினுடன் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இதுதான். 2015 ஜூலையில் எத்தீரியம் என்ற மற்றொரு பேரேடு தொடங்கிற்று. நிபந்தனை நிறைவேறியதும் தானே நிறைவேறும் ஒப்பந்தங்களை இதில் எழுதி வைக்க முடிந்தது. டோக்கன் வெளியிடுவதற்கான பொது விதிகள் ஈ.ஆர்.சி.-20 என்ற பெயரில் இதன் மீதே எழுந்தன.

கடனை எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் கட்டளையிடும் ஆயத்து ஸூரத்துல் பகராவில் உள்ளது. குர்ஆனிலேயே மிக நீண்ட ஆயத்து அது. எழுத்தும் சாட்சியும் இவ்வளவு உறுதியாக்கப்பட்ட ஒரு பேரேட்டை மார்க்கம் வெறுக்க நியாயமில்லை. பேரேட்டைப் பற்றி நமக்குத் தகராறில்லை. அதில் எழுதப்படும் பொருள் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பிட்காயின் போன்ற, பின்னால் பொருள் ஏதுமில்லாத நாணயங்களைப் பற்றி உலமாக்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. 2018 ஜனவரியில் எகிப்தின் ஃபத்வா மன்றம் அதைக் கூடாது என்றது. 2020இல் மலேசியப் பங்குப் பத்திர ஆணையத்தின் ஷரீஅத் ஆலோசனைக் குழு, பதிவு பெற்ற சந்தைகளில் மின்னணுச் சொத்துகளை வாங்கி விற்பதை நிபந்தனைகளுடன் அனுமதித்தது. 2021 நவம்பரில் இந்தோனேஷிய உலமா மன்றம், நாணயமாகப் பயன்படுத்துவதை ஹராம் என்றும், பின்னணிப் பொருளும் தெளிவான பயனும் உள்ளவற்றைச் சரக்காகக் கருதி விற்கலாம் என்றும் பிரித்துச் சொன்னது. அது தனி விவாதம். நாம் இங்கு பேசுவது பின்னால் பொருள் உண்டு என்று சொல்லி விற்கப்படுவதைப் பற்றி மட்டுமே.

இனி, இதில் ஏற்பட்டுள்ள எளிமையைக் கவனிப்போம். பத்தாண்டுக்கு முன் இந்த வியாபாரத்தில் நுழைவது சாமானியரால் ஆகக்கூடியதாய் இல்லை. எழுத்தும் எண்ணும் கலந்த 42 குறிகள் கொண்ட முகவரி. அதில் ஒரு குறி தவறினாலும் பணம் திரும்பாது. 2,048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து பன்னிரண்டோ இருபத்துநாலோ சொற்களை வரிசை மாறாமல் எழுதிக் காக்க வேண்டும். தங்க டோக்கனை அனுப்புவதற்குக் கூட, முதலில் எத்தீரியம் நாணயத்தை வாங்கி அதில் கட்டணம் செலுத்த வேண்டும். 2021இல் ஒரு சிறு பரிமாற்றத்துக்கே பல பத்து டாலர்கள் கட்டணமாகக் கேட்கப்பட்ட நாட்கள் இருந்தன.

இவற்றை ஒவ்வொன்றாகக் களைந்து வருகிறார்கள். கட்டணத்தை மற்றொருவர் ஏற்றுக்கொள்ளவும், சாவி தொலைந்தால் நம்பிக்கைக்குரியவர்கள் மூலம் கணக்கை மீட்கவும் வழி செய்யும் ஈ.ஆர்.சி.-4337 என்ற ஏற்பாடு 2023 மார்ச்சில் எத்தீரியத்தில் வந்தது. 2024 மார்ச்சில் செய்த சீர்திருத்தத்தால், அதைச் சார்ந்து இயங்கும் துணைப் பேரேடுகளில் கட்டணம் வெகுவாகக் குறைந்தது. 2025 மே மாதத்தில் பழைய கணக்குகளுக்கும் இந்த வசதிகள் எட்டின. இன்று சில செயலிகளில் பன்னிரண்டு சொற்களே கிடையாது. விரல் ரேகை போதும். வாங்குபவர் அடியில் பிளாக்செயின் ஓடுகிறது என்பதையே அறியாமல் வாங்கிவிடலாம். இதை உருவாக்குவோர் தங்கள் முன்னேற்றத்தை அளக்கும் கோல் ஒன்றுதான்: எத்தனை படிகள் குறைந்தன?

மார்க்கம் இலகுவானது, இலகுவாக்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பினார்கள். ஆயினும் கொடுக்கல் வாங்கலில் சில படிகள் சிரமத்துக்காக வைக்கப்பட்டவையல்ல. அவையே கிரயத்தை வட்டியிலிருந்தும் சூதாட்டத்திலிருந்தும் பிரிக்கும் சுவர்கள். அவற்றுள் தலையானது கப்ளு, அதாவது வாங்கிய பொருளைக் கைவசப்படுத்துதல்.

ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் வியாபாரி. தம்மிடம் இல்லாத பொருளை ஒருவர் கேட்டு வந்தால் அவருக்கு விற்றுவிட்டு, பிறகு கடைவீதியில் வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். தம்மிடம் இல்லாததை விற்க வேண்டாமென நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துவிட்டார்கள். வாங்கிய தானியத்தை வாங்கிய இடத்திலேயே மறுபடி விற்பவர்களை, அதை அங்கிருந்து அகற்றிக் கொண்டு செல்லும்வரை விற்கக்கூடாதெனத் தடுத்ததை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். தன் பொறுப்புக்குள் வராத பொருளிலிருந்து லாபம் அடைவதும் ஹதீதில் தடுக்கப்பட்டுள்ளது.

இதை நம் காலத்து விஷயத்தோடு நேருக்கு நேர் பொருத்திக் காட்டும் ஒரு சம்பவம் முவத்தாவிலும் ஸஹீஹ் முஸ்லிமிலும் உண்டு. மர்வான் இப்னுல் ஹகம் மதீனாவின் ஆளுநராக இருந்த காலம். எகிப்திலிருந்து வரும் தானியம் செங்கடல் கரையில் மதீனாவின் துறைமுகமான ஜார் என்னும் இடத்தில் வந்திறங்கும். அந்தத் தானியத்தில் இன்னாருக்கு இவ்வளவு என்று அரசாங்கம் சீட்டு எழுதிக் கொடுத்தது. அச்சீட்டுகளுக்கு அரபியில் ஸுகூக் என்று பெயர். தானியம் துறைமுகத்தில் கிடக்க, சீட்டு மட்டும் மதீனாவின் கடைவீதியில் கை மாறிக் கை மாறி விலை போகத் தொடங்கிற்று. ஸைது இப்னு தாபித் (ரலி) அவர்களும் மற்றொரு ஸஹாபியும் மர்வானிடம் சென்று, வட்டியை ஹலாலாக்கி விட்டீரோ என்று கேட்டார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் சென்று கண்டித்ததாகவும் அறிவிப்பு உள்ளது. மர்வான் காவலர்களை அனுப்பி, மக்களின் கைகளிலிருந்து சீட்டுகளைப் பிடுங்கி உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கச் செய்தார். அரசாங்கத்திடமிருந்து முதலில் பெற்றவர் விற்றதை அல்ல, அவரிடம் வாங்கியவர் தானியத்தைப் பெறாமலே மறுபடி விற்றதையே தடுத்தார்கள் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் விளக்குகிறார்கள்.

அன்புச் சகோதரர்களே! லண்டன் நிலவறையில் தங்கக் கட்டி அசையாமல் கிடக்கிறது. அதன் டோக்கனோ எத்தீரியத்தில் பன்னிரண்டு விநாடிக்கொரு முறை எழுதப்படும் பக்கங்களில் கை மாறிக் கொண்டே இருக்கிறது. ஜார் துறைமுகத்துச் சீட்டும் இதுவும் ஒன்றா, வேறா? இந்த ஒரு கேள்விக்கு விடை கண்டால் மற்றவை தாமே தெளிவாகும்.

கப்ளு என்றால் ஒவ்வொரு பொருளையும் கையில் தூக்கிச் செல்வதென்று நம் இமாம்கள் சொல்லவில்லை. வீட்டுக்குச் சாவி கொடுப்பதே கப்ளு. தடையின்றி அனுபவிக்கும்படி வாங்கியவருக்கு விட்டுக் கொடுப்பதைத் தக்லியா என்பர். ஜித்தாவில் 1990 மார்ச்சில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, கைக்கு வராமலே சட்டப்படி வந்ததாகக் கொள்ளப்படும் கப்ளையும் ஏற்று, வங்கிக் கணக்கில் வரவு வைப்பது போன்றவற்றை அதில் சேர்த்தது. பஹ்ரைனில் உள்ள அயோஃபி நிறுவனம் 2016இல் தங்கத்துக்கென்றே ஒரு ஷரீஅத் விதித்தொகுப்பை வெளியிட்டது. வாங்கியவருக்குரிய தங்கம் குறிப்பிட்டு ஒதுக்கப்பட்டு, மற்றவற்றிலிருந்து பிரித்தறியத்தக்கதாக இருப்பின் சான்றிதழ் மூலம் கப்ளு ஆகும் என்பது அதன் சாரம்.

ஆகவே சோதனை இதுதான். அந்த நிலவறை இன்றிரவு நீரில் மூழ்கிப் போனால், காவலரின் குற்றமில்லாமல் பொருள் அழிந்து போனால், யாருடைய பொருள் அழிந்தது? டோக்கன் வைத்திருப்பவருடையது என்றால், அவர் உரிமையாளர். ளமான் அவர் மீது வந்துவிட்டது. அவர் விற்று லாபமடைவதும் கூடும். "கம்பெனி உங்களுக்கு வேறு தரும்" என்றால், அவர் கையில் இருப்பது தங்கமல்ல, ஒரு கடன். கடன் சீட்டை ஏற்றி இறக்கி விற்பது ஜார் துறைமுகத்துக் கதைதான். சொல்லப் போனால் அதைவிட மோசம். அங்கே தானியமாவது உண்மையில் வந்திறங்கியிருந்தது.

நடப்பில் இரு வகையும் உண்டு. 2019 செப்டம்பரில் நியூயார்க்கில் தொடங்கிய பேக்ஸ் கோல்டு டோக்கன் ஒவ்வொன்றும் லண்டன் நிலவறைக் கட்டிகளில் ஓர் அவுன்ஸ் மீதான உரிமை என்று வெளியிடப்படுகிறது. டோக்கன் வைத்திருப்பவர் தம் முகவரியைக் கொடுத்துத் தமக்குரிய கட்டியின் வரிசை எண்ணைப் பார்க்கலாம். ஆனால் ஒரு கட்டி ஏறத்தாழ 400 அவுன்ஸ், பன்னிரண்டு கிலோவுக்கு மேல். முழுக் கட்டியாகப் பெற நானூற்றுக்கும் மேற்பட்ட டோக்கன்கள் வேண்டும். மூன்று டோக்கன் உடையவர் அந்தக் கட்டியில் கூட்டாளி. இதை முஷாஉ என்போம். பிரிக்கப்படாத பங்கை விற்பது கூடும் என்பதில் நான்கு மத்ஹபுகளும் ஒன்றே.

எதிர்ப்புறம் 2022 நவம்பரில் திவாலான எஃப்.டி.எக்ஸ். சந்தையைப் பாருங்கள். அங்கே அமெரிக்கக் கம்பெனிப் பங்குகளையும் டோக்கன்களாக விற்றார்கள். திரை அழகாக இருந்தது, விரல் பட்டால் கிரயம் முடிந்தது. வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்கில் இருப்பதாகக் கண்ட பிட்காயின், அச்சந்தை விழுந்தபோது கிட்டத்தட்ட அங்கே இல்லவேயில்லை. திரையில் தெரிந்தது பொதுப் பேரேட்டின் பக்கமல்ல. அந்தச் சந்தை தானே எழுதிக் கொண்ட எண். அதை நிறுவியவருக்கு 2024 மார்ச்சில் 25 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. எனவே செயலியில் தெரியும் எண் வேறு, பொதுப் பேரேட்டில் தம் பெயரில் எழுதப்படுவது வேறு என்பதை வாங்குபவர் மறக்கலாகாது.

தங்கத்துக்கு இன்னொரு சட்டமும் உண்டு. உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஆறு பொருட்களில் தங்கம் முதலாவது. காகிதப் பணமும் விலைப் பொருளே என்று 1986இல் அம்மானில் கூடிய அகாடமி தீர்மானித்திருப்பதால், பணத்துக்குத் தங்கம் வாங்குவது ஸர்ஃபு. இரு தரப்பும் அதே மஜ்லிஸில் கைமாற வேண்டும். இங்கே ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். டோக்கனும் அதன் விலையும் ஒரே பேரேட்டில் இருப்பின், இரண்டும் ஒரே நொடியில் மாறும். ஒன்று மாறாவிட்டால் மற்றதும் மாறாது. கைக்குக் கை என்ற நிபந்தனையை நம் நகைக் கடைகளில் பலர் "மீதியை நாளை தருகிறேன்" என்று சொல்லி மீறுகிறார்கள். இந்த யந்திரம் அதை மீற விடுவதில்லை! ஆனால் அதே செயலியில் கடனுக்கு வாங்கும் பொத்தானும், "தங்கத்தைக் கடன் கொடுத்தால் ஆண்டுக்கு இவ்வளவு சதம்" என்ற பொத்தானும் பக்கத்திலேயே உள்ளன. முந்தையது ஸர்ஃபைக் கெடுக்கும். பிந்தையது தங்கத்துக்குத் தங்கம் கூட்டி வாங்கும் அப்பட்டமான வட்டி. எளிமையினால் வந்த ஆபத்துகளில் இதுவே பெரிது என்போம். கட்டை விரலை ஓர் அங்குலம் நகர்த்தினால் ஹலாலிலிருந்து ஹராமுக்குப் போய்விடலாம்.

கட்டிட டோக்கன் விஷயத்தில் சற்று விசாலம் இருக்கிறது. துபாய் நிலத்துறை 2025 மே மாதத்தில் ஒரு தளத்தைத் தொடங்கி, வீடுகளின் பங்கை 2,000 திர்ஹம் முதல் வாங்க வழி செய்தது. தொடக்கத்தில் எமிரேட்ஸ் அடையாள அட்டை உள்ளவர்களுக்கு மட்டும், பணமும் திர்ஹமிலேயே. பத்திரப் பதிவுத் துறையே பேரேட்டுடன் இணைந்திருப்பது இதன் சிறப்பு. தனியார் எவரோ எழுதிய சீட்டுக்கும் இதற்கும் வித்தியாசமுண்டு. நிலம் அழிவது அரிது என்ற காரணத்தால், அதைக் கப்ளு செய்யுமுன் விற்பதை இமாம் அபூஹனீஃபா (ரஹ்), இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) இருவரும் அனுமதித்துள்ளார்கள். இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களும் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும் இதற்கு உடன்படவில்லை. வாடகை உண்மையில் வந்ததைப் பங்குப்படி பிரித்தால் தவறில்லை. குடியிருப்பவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இத்தனை சதம் உறுதி என்றால் அது வாடகையல்ல. ஒரு பங்காளி விற்கும்போது மற்றப் பங்காளிகளுக்குள்ள ஷுஃப்ஆ உரிமை என்னாவது என்று இருநூறு பங்காளிகளில் ஒருவராவது கேட்டிருப்பாரா? ஓதிக் கொடுக்கும் நமக்கே இப்போதுதான் தோன்றுகிறது. இதைப் பிறிதொரு முறை எழுதுவோம், இன்ஷா அல்லாஹ்.

மீண்டும் அந்தக் கைப்பேசிக்கு வருவோம். கப்ளு என்பது வாங்கும்போது மட்டும் பார்க்கப்படுவதல்ல. மௌத்துக்குப் பின் பொருள் வாரிசுகளின் கைக்கு வர வேண்டும். வசிய்யத் செய்ய வேண்டிய பொருளுடைய முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள் கழிப்பது தகாதென்று ஹதீதில் வந்துள்ளது. இந்த யந்திரத்தில் எளிமை மிகவும் தேவைப்படும் இடம் இதுவே. வாங்கும் பொத்தான் அல்ல. மூன்று சாவிகளில் எந்த இரண்டு சேர்ந்தாலும் திறக்கும் கணக்குகள் பல ஆண்டுகளாகவே உள்ளன. ஒன்றைத் தானும், ஒன்றை மனைவியும், ஒன்றை நம்பகமான சகோதரரும் வைத்துக் கொள்ளலாம். தனி ஒருவர் திருட முடியாது; ஒருவர் மௌத்தானாலும் பொருள் அடைபடாது. சாவி தொலைந்தால் மீட்பவர்களை முன்கூட்டியே நியமிக்கும் வசதியும் வந்துவிட்டது. அதுவும் வேண்டாம் என்பவர், பன்னிரண்டு சொற்களைக் காகிதத்தில் எழுதி, உறையிலிட்டு, வீட்டுப் பத்திரம் வைக்கும் பெட்டியில் வைத்து, வசிய்யத் எழுத்தில் அந்த உறை இருக்குமிடத்தைக் குறிப்பிட்டால் போதும். கைப்பேசியில் படமெடுத்து வைப்பது திருடனுக்கு வழி காட்டுவதாகும்.

வாரிசுகள் வெளியிட்ட நிறுவனத்துக்கும் எழுதிப் பார்த்தார்கள். சாவியில்லாமல் மாற்ற இயலாது என்று பதில் வந்தது. அந்தப் பெண்ணின் உம்மா, "அவர் சேர்த்த காசுதானே, எழுதி வைக்க மறந்துவிட்டார்" என்று மட்டும் சொன்னார்கள்.

நாம் எழுதிக் கொடுத்தது இது. மற்றச் சொத்துகள் 24 பங்குப்படி உடனே பிரிக்கப்பட வேண்டும். இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த மூன்று டோக்கன்களிலும் அதே பங்கு வாரிசுகளுக்கு உண்டு. என்று திறந்தாலும் அப்படியே பிரியும். தம்பி "எனக்கு வேண்டாம்" என்று இப்போது சொன்னாலும், கைக்கு வந்தபின் அவர் மனமுவந்து கொடுப்பதே சரியானது. 93 கிராம் நிஸாபைத் தாண்டிவிடுகிறதே, ஆண்டுதோறும் ஜகாத் உண்டா என்று மூத்த மகள் கேட்டார். பங்கிட்டபின் அவரவர் பங்கை அவரவருடைய மற்றப் பொருளோடு சேர்த்துத்தான் நிஸாப் பார்க்க வேண்டும். தவிர, கைக்கு எட்டாமல் அடைபட்டுப் போன பொருளுக்கு ஃபிக்ஹில் மாலுள் ளிமார் என்று பெயர். ஹனஃபி மத்ஹபில் அது திரும்பக் கிடைக்கும்வரை ஜகாத் இல்லை. கிடைத்தபின்னும் கடந்த ஆண்டுகளுக்கு இல்லை. ஷாஃபிஈ மத்ஹபில், கிடைத்துவிட்டால் கடந்த ஆண்டுகளுக்கும் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். அவர்கள் ஷாஃபிஈகள். எனவே கைப்பேசியைப் பழுதின்றி வைத்திருக்கவும், மர்ஹூம் வஃபாத்தான தேதியை ஹிஜ்ரிக் கணக்கில் அதனோடு எழுதி வைக்கவும் சொல்லி அனுப்பினோம்.